நோயுற்ற தூரும் நலமுள்ள தோட்டமும்

பயங்கரவாதத்தை நாடுகள் எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்பது பற்றிச் சில கருத்துகளை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். போர் என்றால் ஒரு நாள் தொடங்கும். ஒரு நாள் முடியும். பயங்கரவாதமோ அவ்வாறு முடிவதில்லை. ஓரிடத்தில் ஒடுங்கினால் வேறோரிடத்தில், வேறொரு பெயரில் தலைதூக்குகிறது. நிராயுதபாணிகளான சிலரைக் கொன்று, எஞ்சிய பல்லாயிரவரை அச்சத்தால் ஆட்டிவைப்பதே அதன் வழி. ஆதலின், நெடுங்காலம் தாங்கக்கூடிய வழியையே நாம் நாட வேண்டும்.

நான் போடிநாயக்கனூரில் வாழ்பவன். விடியற்காலையில் ஜீப்புகள் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுச் சாலையில் ஏலத்தோட்டங்களை நோக்கி ஏறிச் செல்லும் ஊர் அது. ஏலச் செடிக்குக் கட்டே நோய் என்று ஒரு நோய் உண்டு. இளம் இலைகளில் வெளிர்பச்சைக் கோடுகள் தோன்றும், பின்னர்ச் செடி குன்றும், விளைச்சல் குறையும். அசுவினிப் பூச்சி இந்நோயைச் செடிக்குச் செடி பரப்புகிறது. இதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. தோட்டக்காரர் செய்வதென்ன? தோட்டத்தை இடைவிடாது சுற்றிவந்து, கோடு கண்ட தூரை அடையாளம் கண்டு, உடனே வேரோடு அகற்றி அழிப்பார். நோயற்ற நாற்றுகளைத் தனியிடத்தில் வளர்த்து நடுவார். ஒரு தூர் நோயுற்றது என்பதற்காகத் தோட்டம் முழுவதையும் வெட்டுபவர் எவரும் இலர். ஓராண்டு செய்தோம், இனிப் போதும் என்று ஓய்பவரும் பிழைப்பதில்லை.

நாடுகளுக்கும் இந்த இரண்டும் வேண்டும். ஒன்று, தளராத கண்காணிப்பு. மற்றொன்று, நோயுற்றதையும் நலமுள்ளதையும் பிரித்தறியும் பொறுமை.

1991-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் இரவு, ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி வெடிகுண்டினால் கொல்லப்பட்டார். அவ்விடத்தில் உயிரிழந்த புகைப்படக்காரர் ஒருவரின் கேமராவில் இருந்த படங்களே புலனாய்வினர்க்கு முதல் தடயம் தந்தன. 1998-இல் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999-இல் உச்ச நீதிமன்றம் சான்றுகளை ஆராய்ந்து, நால்வருக்கு அத்தண்டனையை உறுதிசெய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. ஏனைய 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நாடே கொதித்திருந்த ஒரு வழக்கிலும் ஒவ்வொருவரின் குற்றத்தையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்த அந்த நிதானம் சட்டத்தின் பலவீனமன்று. அதுவே அதன் வலிமை. காவல்துறை அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தையே சான்றாக ஏற்ற தடா சட்டம் 1995-இல் காலாவதியாயிற்று. 2002-இல் வந்த பொடா சட்டம் 2004-இல் நீக்கப்பட்டது. அவசரத்தில் பிறந்த அச்சட்டங்கள் நெடுநாள் நிற்கவில்லை.

இங்கே என் பிழை ஒன்றையும் ஒளிக்காமல் கூற வேண்டும். அவ்வாண்டு ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது நான் இளம் ஆசிரியன். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். அவன் தந்தை ஏலத்தோட்டக் கூலியாள். பையனின் பேச்சில் இலங்கைச் சாயல் இருந்தது. அதனாலேயே எவரும் அவன் அருகில் அமரவில்லை. அதனைக் கண்டிக்க வேண்டிய நானோ, வகுப்பறையில் எல்லார் முன்னிலையிலும், ‘உங்கள் வீட்டுக்கு வெளியூரிலிருந்து யார் யார் வருகிறார்கள்?’ என்று வினவினேன். அவன் விடை கூறவில்லை. மறுநாள் முதல் பள்ளிக்கு வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அவன் வீட்டுக்குச் சென்றேன். அவன் தந்தை என்னை வரவேற்று அமரச் செய்தார். ‘அங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள், ஐயா, இங்கே சிலோன்காரர் என்கிறார்கள்’ என்றார். அச்சொல்லில் சினம் இல்லை. அதுவே என்னை மிகவும் வருத்தியது. மன்னிப்புக் கேட்டு, பையனை மீண்டும் பள்ளிக்கு அழைத்துவந்தேன். நலமுள்ள நாற்றைப் பிடுங்கி எறிய இருந்தேன் என்பதை அன்று உணர்ந்தேன்.

இஃது இரக்கம் பற்றிய பேச்சு மட்டுமன்று; பாதுகாப்புப் பற்றியதும் ஆகும். 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, இலங்கையில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்தியாவிலிருந்து எச்சரிக்கை பல நாள்களுக்கு முன்னரே சென்றிருந்தது. அந்தத் தீவிரக் குழுவைப் பற்றி முன்பே அதிகாரிகளிடம் முறையிட்டவர்களுள் அந்நாட்டு முஸ்லிம்களும் இருந்தனர். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. மறு மாதமே, குற்றமற்ற முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் கும்பல்கள் தாக்கின. தீயவனைப் பற்றிய செய்தி பெரும்பாலும் அவனுக்கு அண்டையில் வாழும் நல்லவரிடமிருந்தே வரும். அந்த நல்லவரை அவமதித்தால், அடுத்த முறை அவர் வாய் திறப்பாரா?

நார்வே நாட்டின் செயலை இதனோடு ஒப்பிடுங்கள். 2011 ஜூலை 22-ஆம் நாள் ஒரு மனிதன் 77 பேரைக் கொன்றான். அவர்களுள் பலர் உங்களைப் போன்ற இளையோர். அந்நாடு அவனை இருந்த சட்டப்படி விசாரித்து, 21 ஆண்டுத் தடுப்புக் காவல் விதித்தது. சமூகத்துக்கு அவனால் ஆபத்து நீடிக்குமாயின் அக்காவலையும் நீட்டிக்க அச்சட்டமே வழி வைத்திருக்கிறது. உறுதியும் நீதியும் ஒன்றாக நிற்க இயலும் என்பதற்கு இது சான்று.

ஒரு நாடு தனித்து நின்றும் இதனை வெல்ல இயலாது. பணமும் ஆயுதமும் எல்லை கடக்கின்றன. 2001-இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1373-ஆம் தீர்மானத்தால், பயங்கரவாதத்துக்குச் செல்லும் பணத்தைத் தடுக்குமாறு எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தியது. எனினும், 1996-இல் இந்தியா முன்வைத்த முழுமையான உடன்படிக்கை, பயங்கரவாதம் எது என்பதிலேயே ஒருமைப்பாடு காணாமல் நெடுங்காலமாகத் தேங்கிவிட்டது. தன் நண்பன் செய்தால் விடுதலைப் போர், பகைவன் செய்தால் பயங்கரவாதம் என்னும் இரட்டை அளவுகோலை நாடுகள் கைவிட வேண்டும்.

மாணவர்களே, நாளை உங்களில் சிலர் காவல்துறையிலும், சிலர் நீதிமன்றத்திலும், பலர் வகுப்பறையிலும் பணியாற்றுவீர்கள். எங்கேனும் குண்டு வெடித்த செய்தி வரும் நாளில், உங்கள் அருகில் அமர்ந்திருப்பவரின் பேச்சையோ பெயரையோ உடையையோ கொண்டு அவரை ஐயுறாதீர்கள். குற்றம் கண்டால் தயங்காது உரியவர்க்குத் தெரிவியுங்கள்; குற்றம் காணாதவிடத்து, விலகாமல் அவர் அருகிலேயே அமருங்கள்.