கருத்தரிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி



தெலுக் பங்லிமா காராங்கில் கல்யாணமாகி ஓராண்டு ஆன பெண்ணைக் கண்டால், "என்னம்மா, விசேஷம் உண்டா?" என்றுதான் உறவினர்கள் முதலில் கேட்பார்கள். நுரையீரல் இரத்தக் கொதிப்புக்கு மருந்து சாப்பிடும் பெண்ணோ, அதற்கு முன்பே தன் இதய மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: "நான் கருத்தரிக்கலாமா?"

கையில் பட்டை கட்டிப் பார்க்கும் இரத்தக் கொதிப்பு வேறு, இது வேறு. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடுவதே இந்நோய். அங்கே சராசரி அழுத்தம் 14 அளவில் இருக்கும். 20ஐத் தாண்டினால் நோய். கையில் பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டலாம். பிறவியிலேயே இதயத்தில் உள்ள ஓட்டை, வாதக் காய்ச்சலால் கெட்ட வால்வு, லூபஸ் ஆகியவற்றாலும் இது வரும். சிலருக்குக் காரணமே தெரிவதில்லை.

கர்ப்ப காலத்தில் உடலில் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடும். இறுகிய குழாய்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. இதயத்தின் வலது பக்கம் தள்ளாடிப் போகிறது. பிள்ளை பிறந்தவுடன் ஆபத்து நீங்கிவிட்டதாக வீட்டார் நினைப்பார்கள். உண்மையில் பல தாய்மார்கள் இறந்தது பிரசவத்துக்குப் பிந்திய நாட்களில்தான்.

1978 முதல் 1996 வரை வெளியான மருத்துவ அறிக்கைகளின்படி, மூன்றில் ஒருவருக்கும் மேல் இறந்தனர். 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், 151 பேரில் பிரசவத்துக்குப் பின் ஒரு வாரத்துக்குள் இறந்தவர்கள் 5 பேர். முன்னேற்றம்தான். ஆனால் அதிலும், காரணம் தெரியாத வகை நோய் கொண்ட 7 பேரில் 3 பேர் இறந்தனர். "மாத்திரையில் நன்றாக இருக்கிறேன்" என்பது கருத்தரிக்க அனுமதி ஆகாது.

மாத்திரையிலும் கவனம் தேவை. போசென்டன், மாசிடென்டன், ரியோசிகுவாட் ஆகியவை கருவில் வளரும் பிள்ளைக்கு ஊனம் விளைவிக்கக்கூடியவை. போசென்டன் கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைத்துவிடும். எந்தக் கருத்தடை முறை ஏற்றது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். கணவரே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்வதும் நல்ல வழி. மனைவியின் உயிரைக் காப்பதில் கௌரவக் குறைச்சல் என்ன இருக்கிறது?

மாதவிலக்கு தள்ளிப்போனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள். தாயின் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால், மலேசியாவில் தண்டனைச் சட்டத்தின் 312ஆவது பிரிவு கருக்கலைப்புக்கு இடம் தருகிறது. கர்ப்பத்தைத் தொடர முடிவெடுத்தால், இதய நிபுணரும் மகப்பேறு நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் உள்ள பெரிய மருத்துவமனையிலேயே பிரசவம் நடக்க வேண்டும்.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் கருத்தரிப்புக்கு முந்திய ஆலோசனை கிடைக்கிறது. தம்பதியராகச் செல்லுங்கள். கர்ப்பிணிக்கு இதய நோயோடு மூச்சுத் திணறலும் இருந்தால், கிளினிக்கில் சிவப்புக் குறியிட்டு உடனே மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அப்போது, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று யாரும் தடுக்காதீர்கள்.