சாக்கடைக் குழாயும் காமிராவும்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)

 

இன்று நம்மைப் பேசும்படி கேட்டிருக்கும் விஷயம் சாக்கடைக் குழாய். இதைச் சொன்னவுடனே பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரிப்பதில் தப்பொன்றுமில்லை. ஆனால் மோட்சத்தைப் பற்றியும் மறு ஜன்மத்தைப் பற்றியும் ஒருவன் மூன்று மணி நேரம் பேசினாலும் முகஞ்சுளிக்காமல் உட்கார்ந்து கேட்கிற நமது ஜனங்கள், காலையில் தாங்கள் கக்கூசில் ஊற்றிய தண்ணீர் எந்த வழியாய், எங்கே போகிறதென்று பேசத் தொடங்கினால் மட்டும் எழுந்து போக நினைப்பானேன்? வீட்டுச் சுவரைத் தாண்டிப் போய்விட்டால் அது நம்முடைய சமாச்சாரமல்ல, அதைப் பார்ப்பதற்கென்று ஒரு ஜாதியார் இருக்கிறார்கள் என்ற எண்ணந்தான் காரணமென்பது நமது அபிப்பிராயம்.

நிற்க, வீட்டுக் குழாய் அடைத்துக் கொண்டால் நம் ஊர்களில் என்ன நடக்கிறது? முதலில் மூங்கில் பிளாச்சைவிட்டுக் குத்துகிறார்கள். அது போகாவிட்டால் வாளி வாளியாய்த் தண்ணீரையும், கடையில் விற்கும் திராவகத்தையும் ஊற்றுகிறார்கள். அதற்கும் மசியாவிட்டால் கொத்தனாரைக் கூப்பிட்டுத் தரையை உடைக்கிறார்கள். எங்கே உடைப்பதென்று யாருக்குந் தெரியாது. "இங்கேதான் இருக்கும்" என்று ஒருவர் காலால் தட்டிக் காட்டுவார், அங்கே உடைப்பார்கள். அங்கே இல்லாவிட்டால் நாலடி தள்ளி இன்னொரு இடம். இப்படியே சமையலறையிலிருந்து வாசல்வரை உடைத்த வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம்.

இப்பொழுது இதற்கு ஒரு கருவி வந்திருக்கிறது. கட்டை விரல் பருமனுள்ள ஒரு காமிரா, அதைச் சுற்றிச் சிறு விளக்குகள், பின்னால் வளையக்கூடிய, ஆனால் தள்ளினால் மடங்காத ஒரு நீண்ட கம்பி. கம்பி ஒரு சக்கரத்தில் சுற்றியிருக்கும். இருபது முப்பது மீட்டர் உள்ளது சாதாரணம், அதற்கு மேலும் உண்டு. வெளியிலுள்ள சேம்பர் மூடியைத் திறந்து உள்ளே தள்ளினால், குழாயின் உட்புறம் முழுவதும் கையிலுள்ள திரையில் தெரிகிறது. எத்தனை மீட்டர் உள்ளே போயிருக்கிறதென்று ஒரு மூலையில் எண் ஓடிக்கொண்டேயிருக்கும். இதைவிட விசேஷம், நல்ல கருவிகளில் காமிராத் தலைக்குள்ளேயே ஒரு சிறு ஒலிபரப்பி இருக்கிறது. 512 ஹெர்ட்ஸ் அலை வீசும் அதை, தரைமேல் ஒருவர் வேறொரு கருவியை வைத்து நடந்து தேடிப் பிடித்து, "இந்த ஓட்டுக்குக் கீழே, இத்தனை அடி ஆழத்தில்" என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்துவிடலாம்.

சென்ற மழைக்காலத்தில் நமது சிநேகிதர் ஒருவர் வீட்டில் இதை நேரில் பார்த்தோம். குழாய் மூன்று மாதத்துக்கொரு தரம் அடைத்துக்கொண்டு, வீடே நாறிப்போயிருந்தது. நாம் போவதற்கு முந்தியே ஒரு வாஸ்துக்காரர் வந்து, ஈசானிய மூலையில் சாக்கடை போவதால் வந்த தோஷம் என்று சொல்லி, தட்சணையும் வாங்கிக் கொண்டு போயிருக்கிறார். காமிராவை விட்டோம். முதல் சில மீட்டர் சுத்தம். பிறகு சமையலறைக் குழாய் வந்து சேருமிடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு மெழுகுபோல் படிந்திருந்தது. பதினோராவது மீட்டரில் திரை முழுவதும் தாடி மயிர்போல் வேர். சுட்ட மண் குழாயின் பொருத்தில் சிமிட்டி வெடித்து, அந்த நூலிழை சந்தின் வழியாய் வாசல் வேப்பமரம் ஈரத்தைத் தேடி உள்ளே நுழைந்திருக்கிறது. குத்தும்போதெல்லாம் நுனி வேர் அறுந்து தண்ணீர் ஓடும். மறுபடி வளரும். இரண்டு ஓடுகளை எடுத்து, அந்த ஒரு பொருத்தை மாற்றினார்கள். ஈசானிய மூலை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இன்னும் எத்தனையோ தெரியும். கொத்தனார் வாட்டம் பார்க்காமல் போட்ட குழாய் நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கி நிற்பது, மண் இறங்கி ஒரு குழாய் மற்றொன்றுக்குச் சரியாய் நேரில்லாமல் விலகி நிற்பது, துணி, நாப்கின், கட்டிட வேலையில் கழுவி ஊற்றிய சிமிட்டி எல்லாம் வெளியாகிவிடும். (நம் கொத்தனார்களில் சிலருக்கு இந்தக் கருவி பிடிக்காமலிருப்பதில் ஆச்சரியமில்லை.) ஆனால் இதையும் மந்திரமாக்கிவிடக் கூடாது. காமிரா அடைப்பை எடுக்காது. குழாய் நிறையக் கலங்கல் தண்ணீர் நின்றால் அதற்குக் கண் தெரியாது. முதலில் வேகமாய்த் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தால் கழுவிவிட்டுப் பிறகுதான் விடவேண்டும். விஷ வாயு இருப்பதையும் அது சொல்லாது. அதற்கு வேறு கருவி இருக்கிறது.

இனி வீட்டைவிட்டுத் தெருவுக்கு வருவோம். உண்மையில் நாம் பேச வந்தது இதற்காகத்தான்.

பாதாளச் சாக்கடைக் குழிக்குள் ஒரு மனிதனை எதற்காக இறக்குகிறார்கள்? அள்ளுவதற்கு மாத்திரமல்ல. பார்ப்பதற்காகவும் இறக்குகிறார்கள். அடைப்பு மேற்பக்கமா கீழ்ப்பக்கமா, கல்லா துணியா, குழாய் உடைந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துச் சொல்ல ஒரு மனிதன் கழுத்தளவு மலத்தில் நிற்கிறான். அதாவது இந்த நாட்டில் ஒரு ஜாதியாருடைய கண்ணும் கையுமே இத்தனை காலமும் காமிராவாக இருந்து வந்திருக்கின்றன.

அந்தக் குழியில் அழுகல் முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு இருக்கிறது. காற்றைவிடக் கனமானதால் அடியில் தங்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு வந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, "வாயு போய்விட்டது" என்று நினைத்து இறங்குவான். 700 பங்குக்கு மேல் போனால் ஓரிரண்டு மூச்சில் விழுந்துவிடுவான். அவனைத் தூக்க அண்ணன் இறங்குவான், அவனைத் தூக்க மற்றொருவன் இறங்குவான். ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் சாவது இப்படித்தான். தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பார்க்கிற வழக்கமும் உண்டு. மீத்தேன் இருந்தால் அது வெடிக்கும்.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 2013-ம் வருஷத்துச் சட்டப்படி, தக்க பாதுகாப்பில்லாமல் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ சுத்தம் செய்ய ஒருவனை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே 2 வருஷம்வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். முனிசிபாலிட்டிக்கு மாத்திரமல்ல, வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். 1993 முதல் சாக்கடையில் செத்தவர்கள் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் 2014-ல் சொல்லிற்று. 2023-ல் அதை 30 லட்சமாக்கிற்று. செத்த பிறகு கொடுக்கும் தொகை உயர்ந்திருக்கிறது, சரி. ஒரு சாதாரண வீட்டுக் காமிராவோ ஒரு மோட்டார் சைக்கிள் விலைக்குள் கிடைக்கிறது. தெருக் குழாய்க்குச் சக்கரம் வைத்து ஊர்ந்து போகும் காமிரா விலை அதிகந்தான். ஆனாலும் "பணமில்லை" என்று சொல்லுகிற கமிட்டிகள் வரவேற்பு வளைவுக்கும் பொன்னாடைக்கும் பணமில்லையென்று சொல்லி நாம் கேட்டதில்லை.

கேரளத்து வாலிபர்கள் சிலர் செய்த ஒரு இயந்திரம் 2018-ல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. காமிராவோடு குழிக்குள் கையை நீட்டி அள்ளி வரும். பெயர் பெருச்சாளி, இங்கிலீஷில் பாண்டிகூட் என்கிறார்கள். பிள்ளையாரைச் சுமந்து கொண்டிருந்த பெருச்சாளிக்கு இப்பொழுதுதான் ஒரு யோக்கியமான வேலை கிடைத்திருக்கிறது. முன்பு குழியில் இறங்கியவர்களுக்கே அதை ஓட்டக் கற்றுக் கொடுத்தார்கள் என்பது நமக்கு மிகவும் பிடித்த சங்கதி.

ஏனெனில் இதில் ஒரு சூழ்ச்சிக்கு இடமிருக்கிறது. திரைக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்டு உட்காருகிற வேலை என்றவுடனே, "இதற்குப் படிப்பு வேண்டும், தகுதி வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்து கொள்வார்கள். மலம் இருந்தவரை பரம்பரைத் தொழில், திரை வந்தால் தகுதித் தொழில்! குழாயின் ஒவ்வொரு வளைவையும் கையால் தடவி அறிந்தவனைவிட, திரையில் தெரிவதை யார் சரியாய்ப் படிக்க முடியும்? கருவியும் சம்பளமும் அவனுக்கே போகவேண்டும்.

ஆகவே உங்கள் முனிசிபல் மெம்பர் ஓட்டுக் கேட்டு வந்தால், நம் ஊருக்கு எத்தனை காமிரா இருக்கிறது, யார் ஓட்டுகிறார்கள், கடைசியாய் எந்தத் தெருவில் விட்டார்கள் என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் அடைத்துக்கொண்டால், உடைப்பதற்கு முன்னால் காமிரா விடச் சொல்லுங்கள். எடுத்த படத்தை மீட்டர் எண்ணோடு வாங்கி வைத்துக் கொள்ளுங்கள், அடுத்த தடவைக்கு உதவும். செப்டிக் டேங்குக்குள் "நான் இறங்கிப் பார்த்துவிடுகிறேன் சாமி" என்று எவராவது சொன்னால், எத்தனை ரூபாய் குறைவாய்க் கேட்டாலும் இறங்க விடாதீர்கள். சாமி என்று கூப்பிடுவதையும் அப்பொழுதே நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

குழாய் வேலை செய்யும் தோழர் ஒருவர் தமது கருவியைக் கொண்டு வந்திருக்கிறார். இந்த வாசகசாலைக் கட்டிடத்தின் பின்பக்கக் குழாயிலேயே விட்டுக் காட்டுவதாய்ச் சொல்லுகிறார். மேடையைக் கலைத்தவுடன் எல்லோரும் அங்கே வாருங்கள்.