களிம்பினால் வரும் கரப்பான்



அடியேன் வைத்தியன் அல்லேன். கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைப் பரிசோதிக்கும் உத்தியோகஸ்தன். எனினும் கிராமங்களுக்குச் செல்லுங்கால், ஆறாத புண்ணின்மீது மேன்மேலும் களிம்பு தடவி அதனைப் பெருக்கிக்கொள்வோரைக் காண்கின்றேன். மருந்து போதவில்லை என்று எண்ணுகிறார்களேயன்றி, மருந்தே பகையாயிருக்கக்கூடும் என்று அவர்கள் நினைப்பதில்லை.

இது நூதன விஷயமன்று. 1895-ஆம் வருஷத்தில் பிரெஸ்லாவ் நகரத்துச் சர்ம வைத்தியர் யோசப் யாதாசோன் என்பவர், பாதரசக் களிம்பினால் தோல் புண்பட்ட ஒரு நோயாளியின் உடலில் அம்மருந்தையே சிறிதளவு ஒட்டிப் பார்த்தார். ஒட்டிய இடத்தில் தோல் சிவந்து கரப்பான் கண்டது. இன்று தோல் வைத்தியர்கள் சந்தேகிக்கும் பொருளை முதுகில் 2 நாள் ஒட்டிவைத்துப் பார்ப்பது அம்முறையின் வழிவந்ததே.

இக்காலத்தில் இவ்வாறு பகைப்பவற்றுள் முக்கியமானவை நியோமைசின், நைட்ரோபியூரசோன் என்னும் புண் மருந்துகள். களிம்பிற் சேர்க்கும் கம்பளிக்கொழுப்பும், கெடாமலிருக்கக் கலக்கும் சரக்குகளுங்கூடச் சிலருக்கு ஒவ்வா. முதலில் பூசும்போது பெரும்பாலும் ஒன்றும் நேராது. உடல் அப்பொருளைப் பகையென்று குறித்துக்கொண்ட பின்னரே, மறுபடி பூசிய 1 முதல் 3 நாட்களுக்குள் கரப்பான் கிளம்பும். "போன தடவை ஒத்துக்கொண்ட மருந்தாயிற்றே" என்று சொல்வதில் ஆகையால் பயனில்லை. வசூலாகாத பழங்கடன்போல அக்குறிப்பு பெரும்பாலும் ஆயுள்வரை அழியாது.

காலில் நெடுநாள் புண் உடைய முதியோர் மிகவும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். மாதக்கணக்கில் பல களிம்புகளைப் பூசுவதால் அவர்களுக்கு இவ்வபாயம் அதிகம்.

அடையாளம் யாதெனில், வலியைக் காட்டிலும் அரிப்பே மிகுதியாயிருக்கும். மருந்து பட்ட அளவிற்குத் தோல் சிவந்து, சிறு கொப்புளங்கள் எழுந்து நீர் வடியும். சில வேளை அப்பாலும் பரவும். சீழும் கடும் வலியும் காய்ச்சலும் இருப்பின் அது கிருமியின் வேலையாயிருக்கலாம்; தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்க.

அரிப்புக் கண்டவுடன் களிம்பை நிறுத்தி, சுத்த ஜலத்தால் மெல்லக் கழுவிவிடுங்கள். வேறொரு களிம்பைத் தேடி ஓடவேண்டாம். மருந்துக் குழாயை எறிந்துவிடாமல் வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டி, ஒவ்வாத மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் இடும் சொட்டு மருந்துகள் சிலவற்றிலும் நியோமைசின் கலந்திருப்பதால், பின்னர் எந்த வைத்தியரிடம் எந்த நோய்க்காகப் போனாலும் அச்சீட்டை முதலில் நீட்டவேண்டும்.