போர்ப் பெட்டி



தேர்தல் வந்தால் ‘தேர்தல் நிதி’ என்ற சொல் காதில் விழும். ஆங்கிலத்தில் இதை ‘வார் செஸ்ட்’ என்பார்கள். வார் என்றால் போர். செஸ்ட் என்றால் பெட்டி. போர்ப் பெட்டி! ஓட்டுப் போடுவதற்கும் போருக்கும் என்ன சம்பந்தம்?

அந்தக் காலத்து அரசர்கள் போருக்கென்று பணத்தைத் தனியாக எடுத்து வைப்பார்கள். படைக்குச் சோறு வேண்டும். குதிரைக்குத் தீனி வேண்டும். பணம் தீர்ந்தால் படை கலைந்துவிடும். எதிரியின் செல்வத்தைப் பிடித்தால் பாதிப் போர் முடிந்த மாதிரி.

இதே விழிஞ்ஞத்தில் அது நடந்தது. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் இங்கே படையோடு வந்தான். வேள் மன்னனை வென்றான். யானை, குதிரையோடு அவனுடைய செல்வத்தையும் எடுத்துக்கொண்டான். இதைச் சீவரமங்கலச் செப்பேடு சொல்கிறது.

இன்று மன்னர் இல்லை. வேட்பாளர் இருக்கிறார். நோட்டீசு, ஜீப், மைக்செட், மேடை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அதற்காக முன்கூட்டியே சேர்த்து வைக்கும் பணம்தான் இந்தப் பெட்டி. பணம் சேர்ப்பது குற்றமில்லை. ஏழை வேட்பாளருக்கும் நாலு பேர் கொடுத்தால்தான் ஓட முடியும். யார் கொடுத்தார், எதற்குச் செலவானது? அதுதான் கேள்வி.

மன்னன் பெட்டிக்குக் கணக்குக் கேட்க ஆள் இல்லை. வேட்பாளரிடம் கேட்கலாம். விழிஞ்ஞம் கோவளம் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. 2022-இல் வந்த விதிப்படி கேரளத்தில் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது. மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம். தேர்தல் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். ஒரு டீக்கும் ஒரு நாற்காலி வாடகைக்கும்கூட அதிகாரிகள் விலை போட்டு எழுதிக்கொள்கிறார்கள்.

ஆனால் பெட்டியில் ஓட்டையும் உண்டு. இந்த வரம்பு வேட்பாளருக்குத்தான். கட்சி பொதுவாகச் செய்யும் பிரசாரத்துக்கு வரம்பே கிடையாது! 2018-இல் தேர்தல் பத்திரம் என்று ஒன்று வந்தது. அதை வங்கியில் வாங்கிக் கட்சிக்குக் கொடுத்தால், கொடுத்தவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கட்சிக்கு யார் பணம் கொடுத்தார் என்று அறிய ஓட்டுப் போடுகிறவருக்கு உரிமை உண்டு என்றது.

முடிவு வந்த 30 நாளுக்குள் வேட்பாளர் தன் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இல்லாமல் கொடுக்காதவரைத் தேர்தல் ஆணையம் 3 ஆண்டு தேர்தலில் நிற்க விடாமல் தடுக்கலாம். கணக்கு வந்து சேர்ந்ததை அதிகாரி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார். அதை நீங்களே படிக்கலாம். ஒரு ரூபாய் கட்டணம் கட்டினால் அந்தக் கணக்கையே கேட்டு வாங்கிப் பார்க்கலாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வேட்பாளராக இருக்கத் தேவையில்லை. எந்தக் கட்சிக்காரர் என்றும் கேட்கமாட்டார்கள்.