டை கட்டினாலும் கூலி கூலிதான்!

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)

ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர் போன வாரம் என்னிடம் வந்தார். "மகள் பி.ஏ. இங்கிலீஷ் முடித்திருக்கிறாள். ஜப்பானில் இங்கிலீஷ் டீச்சர் வேலை, மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய் என்று ஒரு ஏஜெண்டு சொல்லுகிறான். முதலில் மூன்று லட்சம் கட்டச் சொல்லுகிறான். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா?" என்று கேட்டார்.

நான் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவன். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் கூலிக் கணக்கு பார்ப்பதற்கு இங்கிலீஷ் எதற்கு? நாலு தோழர்களை விசாரித்தேன், தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன். அந்தத் தோழருக்கு மட்டுமல்ல, பிள்ளையைப் படிக்க வைத்திருக்கிற எல்லாருக்கும் இது வேண்டிய விஷயம்.

ஜப்பானில் இங்கிலீஷ் கற்பிக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, சர்க்கார் 1987-இல் தொடங்கிய 'ஜெட்' திட்டம். முதல் ஆண்டு நான்கு நாடுகளிலிருந்து 848 பேரை அழைத்தார்கள். 2012-க்குப் பிறகு பல ஆண்டுகள் புதியவருக்கு வருடச் சம்பளம் 33 லட்சத்து 60 ஆயிரம் யென். 2025-இல்தான் 40 லட்சத்து 20 ஆயிரமாக உயர்த்தினார்கள். இருப்பதில் இதுதான் நல்ல வேலை. ஆனால் இதற்கும் ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு மேல் இருக்க முடியாது.

இரண்டாவது, தனியார் நடத்தும் பேச்சு ஆங்கிலப் பள்ளிகள். 1990-களில் புதிதாக வரும் ஆசிரியருக்கு மாதம் இரண்டரை லட்சம் யென் என்பது வழக்கமான சம்பளம். முப்பது வருடம் ஓடிவிட்டது. இன்றும் பல பள்ளிகளில் அதே தொகைதான். அதற்குக் கீழே கொடுக்கிறவர்களும் உண்டு. ஏஜெண்டு சொன்ன ஒன்றரை லட்சம் ரூபாய் ஏறத்தாழ இதுதான். அதிலே வாடகை, வரி, சாப்பாடு, ரயில் செலவு எல்லாம் அந்த ஊர் விலையில் போக வேண்டும். நம் ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் மலை. அங்கே நின்று செலவழித்தால் மடு.

மூன்றாவதுதான் நமக்கு நன்றாகப் பழகிய வழி: காண்ட்ராக்ட்! அரசுப் பள்ளிகளுக்கு ஆசிரியர் அனுப்பும் கம்பெனிகள் இருக்கின்றன. நகராட்சியின் கல்விக் குழு டெண்டர் விடும். குறைவாகக் கேட்டவனுக்கு வேலை. அவன் தன் லாபத்தை எங்கே எடுப்பான்? ஆசிரியரின் கூலியில்தான் எடுப்பான். பள்ளி விடுமுறை மாதத்தில் பல இடங்களில் சம்பளத்தை வெட்டுகிறார்கள். இன்னொரு தந்திரம் கேளுங்கள். வாரம் 30 மணி நேரம் வேலை என்றால் முதலாளி சமூகக் காப்பீட்டில் தன் பங்கைக் கட்ட வேண்டும் என்று முன்பு கணக்கு இருந்தது. ஆகவே ஒப்பந்தத்தில் 29½ மணி என்று எழுதினார்கள்! அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியும் பென்ஷனும் போயிற்று. பி.எப்., இ.எஸ்.ஐ. கட்டாமல் தப்ப நம் காண்ட்ராக்டர் ஆள் கணக்கை மாற்றி எழுதுகிறானே, அவனும் இவனும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்தான்.

சரி, வேலை நிலையானதா? நோவா என்ற கம்பெனியின் கதையைச் சொல்கிறேன்.

1981-இல் ஒசாகாவில் தொடங்கிய நோவா, ஜப்பானிலேயே மிகப் பெரிய ஆங்கிலப் பள்ளிக் கம்பெனியாக வளர்ந்தது. மாணவர்களிடம் வருடக்கணக்கில் முன்பணம் வாங்கி, அந்தப் பணத்தில் மேலும் மேலும் கிளை திறந்தது. பணத்தைத் திருப்பித் தர மறுத்து வழக்குகள் வந்தன. 2007 ஜூனில், நீண்ட கால ஒப்பந்தம் புதிதாகப் போடக் கூடாதென்று ஆறு மாதத்துக்கு சர்க்கார் தடை விதித்தது. அடுத்த சில மாதங்களில் சம்பளம் தாமதமாயிற்று, பிறகு நின்றது. அக்டோபர் 26-இல் கம்பெனி கோர்ட்டில் திவால் பாதுகாப்புக் கேட்டது. ஏறத்தாழ 4,000 வெளிநாட்டு ஆசிரியர்கள் கடல் கடந்த ஊரில் வெறுங்கையோடு நின்றார்கள்.

அவர்கள் சம்பளத்தில் கம்பெனியே வாடகையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிடித்த பணத்தை வீட்டுக்காரனிடம் கட்டவில்லை! வாடகை கொடுத்தவனுக்கே வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. சாப்பாட்டுக்குப் பதிலாகப் பாடம் சொல்லித் தருகிறோம் என்று ஆசிரியர்களின் சங்கம் பகிரங்கமாக அறிவிக்க வேண்டியதாயிற்று. அதே நேரத்தில் தலைமை அலுவலகத்தைத் திறந்து பார்த்தால், தலைவர் சஹாஷிக்குப் படுக்கையறையோடும் நீராவிக் குளியலோடும் ஆடம்பர அறைகள்! தொழிலாளர் நலநிதிப் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காக அவரை 2009-இல் கோர்ட் தண்டித்தது. ஆனால் போன சம்பளத்துக்காக ஆசிரியர்கள் அலைந்த அலைச்சலை யார் திருப்பிக் கொடுப்பது?

இதிலே இன்னொரு வஞ்சகமும் உண்டு. ஜப்பானை விட்டுக் கொரியாவைப் பாருங்கள். அங்கே இங்கிலீஷ் ஆசிரியர் விசா பொதுவாக ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010-இல் அமலான வர்த்தக ஒப்பந்தத்தின்படி, ஆசிரியர் தகுதிச் சான்றிதழ் உள்ள இந்தியர் துணை ஆசிரியராகப் போக ஒரு சிறு கதவு திறந்தது. தாய்லாந்தில் பிலிப்பைன்ஸ் ஆசிரியரும் வெள்ளைக்கார ஆசிரியரும் ஒரே பள்ளியில் ஒரே பாடத்தை நடத்தினாலும், பிலிப்பைன்ஸ்காரருக்குக் கூலி குறைவு என்பது சர்வ சாதாரணம். ஒருவனைக் காட்டி மற்றவன் கூலியைக் குறைப்பது நிரந்தரத் தொழிலாளியும் பதிலியும் அறிந்த வித்தைதானே!

இப்படியே விதி என்று இருந்துவிட்டார்களா? இல்லை தோழர்களே! டோக்கியோவில் பெர்லிட்ஸ் என்ற பள்ளிக் கம்பெனியின் ஆசிரியர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். 4.6 சதவீதச் சம்பள உயர்வும் ஒரு மாதப் போனஸும் கேட்டு 2007 டிசம்பரில் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். எப்படிச் செய்தார்கள்? எல்லாரும் ஒரே நாளில் வெளியேறவில்லை. இன்று இவர் ஒரு பாடவேளை, நாளை அவர் ஒரு பாடவேளை. கடைசி நேரத்தில் நோட்டீஸ். எந்த வகுப்பு நிற்கும் என்று தெரியாமல் கம்பெனி பதிலி ஆசிரியர்களை ஓட ஓட அனுப்பியது. ஆயிரக்கணக்கான பாடவேளைகள் இப்படி நின்றன. கம்பெனி ஆத்திரப்பட்டு, சங்கத்தின் மேல் 11 கோடி யென் நஷ்ட ஈடு கேட்டு 2008-இல் வழக்குப் போட்டது. 2012 பிப்ரவரியில் டோக்கியோ மாவட்ட கோர்ட் அந்த வழக்கைத் தள்ளியது. அந்த வருடக் கடைசியில் கம்பெனி சங்கத்தோடு உடன்பாட்டுக்கு வந்தது. பல நாட்டுக்காரர்கள், வருட ஒப்பந்தக்காரர்கள், விசா பயம் உள்ளவர்கள் அவர்கள். அவர்களாலேயே முடிந்தது!

இனி அந்தத் தோழருக்கு என் பதில்.

மகளைத் தடுக்காதீர்கள். படித்த பெண் உலகத்தைப் பார்ப்பது நல்லது. ஆனால் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள். ஏஜெண்டு 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவனா என்று கேளுங்கள். அந்தச் சட்டத்தின் கீழ் ஏஜெண்டின் கட்டணத்துக்கு 30 ஆயிரம் ரூபாயும் வரியும் என்று வரம்பு உண்டு. மூன்று லட்சம் கேட்கிறவன் எந்தச் சட்டத்தில் கேட்கிறான்? ஒப்பந்தத்தைப் போகும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். ஐந்து கேள்விக்குப் பதில் அதில் இருக்க வேண்டும்: சம்பளம் தருவது பள்ளியா, காண்ட்ராக்டரா? விடுமுறை மாதத்தில் முழுச் சம்பளம் உண்டா? வாரம் எத்தனை மணி, காப்பீடு உண்டா? வாடகையை யார் கட்டுவது? திரும்பி வரும் டிக்கெட் யார் செலவு? டூரிஸ்டு விசாவில் போ, பிறகு மாற்றலாம் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அங்கே இறங்கியதும் மகள் தேட வேண்டிய முதல் விலாசம் ஆசிரியர் சங்கத்தின் விலாசம். ஒசாகாவிலும் டோக்கியோவிலும் வெளிநாட்டு ஆசிரியர்களைச் சேர்க்கும் சங்கங்கள் இருக்கின்றன.

கடைசியாக ஒரு வார்த்தை. "என் பிள்ளை படித்துவிட்டால் கூலிக்காரனாக இருக்க மாட்டான்" என்று நாம் நினைக்கிறோம். பஞ்சு அடைத்த காற்றைச் சுவாசித்தும், சேற்றில் குனிந்து நாற்று நட்டும் நாம் படிக்க வைப்பது அந்த ஆசையால்தான். அந்த ஆசை தப்பில்லை. ஆனால் படிப்பு கருவியை மாற்றும். நூலுக்குப் பதில் சாக்குக்கட்டி வரும். முதலாளியை மாற்றாது. ஆகவே பிள்ளைக்குப் பட்டத்தோடு இன்னொன்றையும் கொடுத்தனுப்புங்கள். சங்கம் என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்தனுப்புங்கள். அது எந்த நாட்டுக்கும் விசா இல்லாமல் போகும்!