எழுதி வைத்தவை வாரிசுகளின் கையில் சேர வேண்டும்

(ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இளமையில் ஜுர்ஜான் நகரில் கல்வி பயின்றுவிட்டுச் சொந்த ஊரான தூஸுக்குத் திரும்பும் வழியில், கொள்ளையர் மறித்து அனைத்தையும் பறித்துக்கொண்டனர். ஆசிரியரிடம் கேட்டு எழுதிய குறிப்புகள் அடங்கிய பையும் அவற்றுள் ஒன்று. அதனை மட்டுமாவது தந்துவிடுமாறு இமாமவர்கள் வேண்டியபோது, பை போனதும் கல்வியும் போய்விடுமானால் நீர் கற்றதுதான் என்ன என்று கொள்ளையர் தலைவன் நகைத்தானாம். பின்னர் பையைத் திருப்பிக் கொடுக்கச் செய்தானாம். ஊர் சேர்ந்த இமாமவர்கள் மூன்றாண்டுகள் முயன்று அவையனைத்தையும் மனனம் செய்தார்கள் என்று தாஜுத்தீன் சுப்கீ (ரஹ்) அவர்கள் தமது தபகாத் நூலில் பதிவு செய்துள்ளார்கள்.

இந்நிகழ்ச்சியை எடுத்துரைப்போர் மனனத்தின் மேன்மையைக் கூறி முடித்துவிடுவது வழக்கம். அது சரியே. ஆயினும் கற்றவை யாவும் ஒரே பிரதியாக, ஒரே பையில், வழிப்பயணத்தில் இருந்தன என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். இன்று நமது சட்டைப்பையில் இருக்கும் கைபேசியும் அத்தகைய பைதான். கொடுக்கல் வாங்கல், ஜகாத் கணக்கு, அடகு வைத்த நகையின் விவரம், தாதா வழி வமிசப் பட்டியல், பயானில் கேட்டு எழுதிய குறிப்பு என எல்லாம் அதற்குள் கிடக்கின்றன. கல்வியை மனனம் செய்யலாம். கணக்கை மனனம் செய்தால், மனனம் செய்தவரோடு அதுவும் கபருக்குச் சென்றுவிடும்.

கடனை எழுதிக்கொள்ளப் பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எழுதுபவரும் சாட்சிகளும் அதில் கூறப்படுகின்றனர். எழுத்து பிறருக்கும் பயன்பட வேண்டும் என்பது இதனால் விளங்கும். ஜனாஸா தொழுகைக்கு முன் வாரிசுகள் எழுந்து, மர்ஹூம் யாருக்கேனும் கடன் தரவேண்டியிருந்தால் எங்களிடம் தெரிவியுங்கள் என்று அறிவிக்கின்றனர். கேட்பவர் வருவார். ஆனால் மர்ஹூமுக்குப் பிறர் தரவேண்டியதை யார் வந்து சொல்வார்? அக்கணக்கு கைபேசியில் இருக்கும். பூட்டின் எண் மனைவிக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. இன்றைய கைபேசிகளில் தகவல்கள் மறைகுறியாக்கப்பட்டு இருப்பதால், கடைக்காரரால் பெரும்பாலும் கைபேசியை அழித்துப் புதிதாக்க இயலுமேயன்றி உள்ளிருப்பதை எடுத்துத்தர இயலாது. எத்தீம்களின் பங்கு அதற்குள்ளேயே முடங்கிவிடும்.

இணையத்தில் ஏற்றிவிட்டேன், அங்கே பத்திரமாக இருக்கும் என்பாரும் உளர். கூகுள் நிறுவனம் 2023 மே மாதம் ஓர் அறிவிப்புச் செய்தது. ஈராண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் நீக்கலாம் என்பதே அது. மர்ஹூமின் கணக்கை யார் திறந்து பயன்படுத்திக்கொண்டிருப்பார்? இதற்கு ஒரு வழியையும் அந்நிறுவனமே 2013 முதல் வைத்துள்ளது. நாம் குறிப்பிட்ட காலம் கணக்கைத் திறவாதிருந்தால், நாம் பெயர் கொடுத்துவைத்த நம்பகமானவருக்கு அறிவிப்பும் கோப்புகளும் செல்லும்படி முன்னரே அமைத்துவிடலாம். ஆப்பிள் கைபேசிகளிலும் 2021 முதல் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. வாட்ஸ்அப் குழுவில் கடவுச்சொல்லைப் போட்டுவைப்பது ஏற்பாடு ஆகாது. இதனை வேடிக்கைக்காகக் கூறவில்லை. அவ்வாறு செய்வோர் இருக்கின்றனர். உறையிலிட்டு ஒட்டி நம்பகமானவரிடம் அமானிதமாகக் கொடுப்பதே போதுமானது.

பூட்டு திறந்துவிட்டாலும் உள்ளிருப்பதைப் படிக்க இயல வேண்டுமே! இதில் தமிழர்களாகிய நமக்குத் தனியொரு சோதனை நேர்ந்தது. தொண்ணூறுகளிலும் அதன் பின்னரும் கணினியில் தமிழை பாமினி, டிஸ்கி, டாம், டாப் என்று வெவ்வேறு முறைகளில் அடித்தோம். எழுதிய எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்புகளைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தோன்றும். ஒருங்குறியில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், தமிழக அரசு அதனைத் தரமாக அறிவித்தது 2010இல்தான். அதற்கு முந்திய பயான் குறிப்புகளும் நிகாஹ் பட்டியல்களும் எத்தனையோ வீடுகளில் நெகிழ்வட்டிலும் குறுந்தகட்டிலும் கிடக்கின்றன. குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். எழுத்துரு மாற்றும் மென்பொருள்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம். நெகிழ்வட்டைப் படிக்கும் கருவி அரிதாகி வருவதாலும், வெயிலிலும் வெப்பத்திலும் குறுந்தகடு கெடுவதாலும் இதனைத் தள்ளிப்போடலாகாது.

இனி எழுதுபவற்றை ஒரு செயலிக்குள் மட்டும் அடைக்காமல், எக்கணினியிலும் திறக்கும் எளிய உரைக்கோப்பாகவும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-03-15 என்பதுபோலத் தொடங்கி, பின்னர் பொருளைக் குறிப்பிட்டால், அவை தாமாகவே கால வரிசையில் நிற்கும். ஹிஜ்ரி தேதியை உள்ளே எழுதிக்கொள்ளலாம். பெயரில் இரண்டையும் கலந்தால் வரிசை குலையும். எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். பிரதிகள் மூன்று வேண்டும். இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும் என்று இத்துறையினர் கூறுகின்றனர். பென் டிரைவ் ஒன்றையே நம்பி அலமாரியில் வைத்துவிடக் கூடாது. மின்னூட்டம் பெறாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதிலுள்ள பதிவுகள் தேய்ந்துவிடக்கூடும்.

ஆண்டுதோறும் ஜகாத் கணக்குப் பார்க்க ஒரு நாளை ஒதுக்குகிறோம். அந்நாளில் மூன்று பிரதிகளிலிருந்தும் பழைய கோப்பு ஒவ்வொன்றைத் திறந்து, மகனையோ மகளையோ அருகில் அமர்த்தி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைக்குத் திறக்க வரவில்லையென்றால், அன்றே அருகிலிருந்து சொல்லிக்கொடுத்துவிடலாம்.