பழுப்புப் புள்ளிகளை எண்ணுங்கள்



இன்று ஒரு நோயைப் பற்றிப் பேசப் போகிறேன். பெயர் கொஞ்சம் நீளம். கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். நியூரோ - ஃபைப்ரோ - மட்டோசிஸ். வாயில் நுழையவில்லையா? பரவாயில்லை. நாம் நரம்புக் கட்டி நோய் என்று சொல்லுவோம்.

போன மாதம் நம் ஹட்பே வகுப்புக்கு ஓர் அக்கா தன் மகளையும் கூட்டி வந்தார். மகளுக்கு நான்கு வயது. முதுகிலும் வயிற்றிலும் பால் காப்பி நிறத்தில் புள்ளிகள். கழுத்தில் ஒரு பக்கம் மெத்தென்று ஒரு வீக்கம். "இவள் வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று காய் நறுக்கிவிட்டேன். அதுதான் பிள்ளை உடம்பில் வந்துவிட்டது" என்று அழுதார். பக்கத்தில் இருந்த பெரியம்மா, "மச்சம் நிறைய இருந்தால் அதிர்ஷ்டம்டி" என்று தேற்றினார். இன்னொருவர் தன் பிள்ளையைத் தள்ளி உட்கார வைத்தார்.

மூன்றும் தவறு. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதிர்ஷ்டமும் இல்லை. இது ஒட்டுகிற நோயும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம்.

பிறகு ஏன் வருகிறது? நம் உடம்பு எப்படி வளர வேண்டும் என்ற குறிப்பு உடம்புக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மரபணு என்று பெயர். அதில் ஒன்று லாரிக்கு பிரேக் மாதிரி. "வளர்ந்தது போதும், நில்" என்று சொல்லும். இந்த நோயில் அந்த பிரேக் கெட்டுப் போகிறது. அதனால் நரம்பின் மேல் கட்டி வளர்கிறது. 1882-ல் ரெக்லிங்ஹவுசன் என்ற ஜெர்மனி டாக்டர் இந்த நோயை விளக்கி எழுதினார். கெட்டுப் போகும் மரபணு எது என்று 1990-ல் கண்டுபிடித்தார்கள்.

நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு அது அப்பாவிடம் இருந்தோ அம்மாவிடம் இருந்தோ வந்திருக்கும். மீதிப் பாதிக்குக் குடும்பத்தில் யாருக்குமே இருக்காது, புதிதாக வரும். ஆகவே அண்ணன்மார்களே, பிள்ளைக்கு இப்படி இருந்தால் மனைவியை ஏசாதீர்கள். இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுகிறேன்.

சுமார் 3,000 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. 2011 கணக்கெடுப்பில் நம் அந்தமான் நிக்கோபாரில் 3,80,581 பேர். வகுத்துப் பாருங்கள். நூறு பேருக்கு மேல் வருகிறது இல்லையா? கணக்குத்தான். ஆனாலும் அவர்களில் எத்தனை பேர் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு இருக்கிறார்களோ!

குழந்தையைக் குளிப்பாட்டும்போது பாருங்கள். ஒன்றிரண்டு புள்ளி எந்தக் குழந்தைக்கும் இருக்கும். பயம் வேண்டாம். துவரம்பருப்பைவிடப் பெரிய பழுப்புப் புள்ளி ஆறோ அதற்கு மேலோ இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் பொடிப்பொடியாகப் புள்ளி இருந்தால் அதையும் காட்டுங்கள். சில பிள்ளைகளுக்குக் கண் நரம்பில் கட்டி வரும். முதுகெலும்பு வளையும். படிப்பு மெதுவாக ஏறும். அந்தப் பிள்ளையை மக்கு என்று அடிக்கக் கூடாது. எல்லாப் பிள்ளைக்கும் எல்லாம் வராது. சிலருக்குப் புள்ளியோடு நின்றுவிடும்.

மெத்தென்ற அந்த வீக்கத்துக்கு வருவோம். அது பிறக்கும்போதே உள்ளே இருக்கும் வகை. மரத்தில் கொடி சுற்றுவதுபோல நரம்பைச் சுற்றிக்கொள்ளும். சின்ன வயதில்தான் வேகமாக வளரும். கத்தி வைத்து முழுவதும் எடுப்பது கடினம். நரம்பும் சேர்ந்து அறுபடலாம். முன்பெல்லாம் டாக்டர்கள், "பார்த்துக்கொண்டே இருப்போம்" என்று சொல்வதைத் தவிர அதிகம் செய்ய முடியவில்லை.

இப்போது ஒரு மாத்திரை வந்திருக்கிறது. செலுமெடினிப் என்று பெயர். கெட்டுப்போன பிரேக்கை அது சரி செய்யாது. "வளர், வளர்" என்று போகும் தகவலை நடுவழியில் தடுக்கும். அமெரிக்காவில் 50 பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 35 பேருக்குக் கட்டி ஐந்தில் ஒரு பங்காவது சுருங்கியது. பலருக்கு வலியும் குறைந்தது. 2020 ஏப்ரலில் அங்கே அனுமதி கொடுத்தார்கள். அப்போது அந்த அனுமதி இரண்டு வயது முடிந்த பிள்ளைகளுக்கு, தொல்லை தருகிற, அறுக்க முடியாத கட்டிக்கு. இந்தியாவிலும் இதற்கு அனுமதி உண்டு.

ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இது நோயை அடியோடு போக்கும் மருந்து இல்லை. நிறுத்தினால் கட்டி மறுபடி வளரலாம். வயிற்றுப்போக்கு, வாந்தி, தோலில் தடிப்பு, நகக்கண்ணில் புண் வரும். இதயத்தையும் கண்ணையும் அடிக்கடி சோதிக்க வேண்டும். விலையோ நம்மைப் போன்றவர்கள் நினைக்க முடியாத அளவு. இதை ஏழைப் பிள்ளைக்கு எட்ட வைப்பது அரசாங்கத்தின் வேலை என்பது என் எண்ணம். உதவி உண்டா என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

மருந்து கிடைக்காவிட்டாலும் சீக்கிரம் போவதில் பலன் உண்டு. வருடா வருடம் கண், ரத்த அழுத்தம், முதுகெலும்பு எல்லாம் பார்ப்பார்கள். முதலில் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரி. 2024-ல் ஊர்ப் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது, நம் வாயில்தான் இன்னும் மாறவில்லை. தேவைப்பட்டால் அங்கிருந்து மெயின்லாண்டுக்கு எழுதிக் கொடுப்பார்கள். சென்னை எழும்பூரில் அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. கட்டி திடீரென்று வளர்ந்தாலோ, கெட்டியானாலோ, ராத்திரியில் தூங்க விடாமல் வலித்தாலோ, அடுத்த மாதம் என்று தள்ளாதீர்கள். கட்டியில் சூடு போடாதீர்கள்.

அந்த அக்காவுக்கு ஒரு நோட்டு கொடுத்தேன். தையல் டேப்பால் மகளின் கழுத்தை அளந்து, தேதி போட்டு எழுதச் சொன்னேன். நேற்று கொண்டுவந்து காட்டினார். இரண்டு வரிதான். "நான்கு" என்பதில் ஒரு புள்ளி விட்டுப் போயிருந்தது. மற்றதெல்லாம் சரியாக எழுதியிருந்தார். கீழே மூன்றாவதாக ஒரு வரி: திங்கட்கிழமை கப்பல்.